வன்தட்டில் தொலைந்ததை மீட்ட வரலாறு



எங்கள் தோட்டப் பள்ளியின் ஆசிரியர் அறையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லி இன்றைய பேச்சைத் தொடங்குகிறோம். பள்ளியின் பழைய மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளைக் கரையான் அரிக்கத் தொடங்கியிருந்தது. மிஞ்சிய ஏடுகளையாவது காப்பாற்றுவோம் என்று ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்துப் பள்ளிக் கணினியில் சேர்த்து வைத்தோம். அடுத்த மழைக்காலத்தில் கூரை ஒழுகி, மூல ஏடுகள் ஊறிக் கூழாகிப் போயின. படங்கள் இருக்கின்றனவே என்று மனத்தைத் தேற்றிக் கொண்டோம்.

சில மாதங்கள் சென்றன. பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பெரியவர் பள்ளிக்கு வந்தார். தம் பிறப்புப் பத்திரம் தொலைந்து போயிற்று என்றும், பள்ளியில் சேர்த்த நாளில் எழுதிய பிறந்த தேதியைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்றும் கேட்டார். அவரை நாற்காலியில் அமரச் சொல்லிவிட்டுக் கணினியைத் திறந்தோம். படங்கள் வைத்திருந்த இடம் வெறுமையாக இருந்தது. எங்களில் ஒருவரே, வேண்டாதவை என்று எண்ணிச் சில நாள்களுக்கு முன் அவற்றை அழித்திருந்தார்.

அந்தப் பெரியவருக்கு என்ன விடை கிடைத்தது என்பதைப் பேச்சின் முடிவில் சொல்கிறோம். அதற்கு முன், கணினியில் அழிந்தது உண்மையிலேயே அழிந்து விடுகிறதா, அதை மீட்கும் வழியை மனிதர்கள் எவ்வாறு கண்டார்கள் என்ற வரலாற்றைப் பார்ப்போம். இது படித்தவர்களுக்கு மட்டும் உரிய செய்தி என்று யாரும் ஒதுங்கிவிட வேண்டாம். இன்று நம் வீடுகளில் கலியாணப் படமும், காலமான பாட்டியின் குரலும், பிள்ளைகளின் சான்றிதழும் கணினியிலோ கைப்பேசியிலோதான் கிடக்கின்றன.

கணினி தன் செய்திகளை நிலையாக எழுதி வைக்கும் பெட்டிக்கு வன்தட்டு என்று பெயர். இதன் வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பது எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்குப் பெருமை தரும் செய்தி. ரெனால்ட் ஜான்சன் என்பது அவர் பெயர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பித்தவர். பென்சில் கோட்டின் வழியே மின்சாரம் ஓடும் என்ற எளிய உண்மையைக் கொண்டு, மாணவர்களின் விடைத்தாள்களைத் திருத்தும் இயந்திரம் ஒன்றை அவர் அமைத்தார். அதைக் கண்ட ஐ.பி.எம். நிறுவனம் 1934-ஆம் ஆண்டில் அவரை வேலைக்கு அமர்த்திக் கொண்டது. பின்னர் 1952-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் புதிய ஆய்வுக்கூடம் தொடங்க அவரை அனுப்பியது.

அந்தக் கூடத்தில் அவருடைய குழுவினர் உருவாக்கிய இயந்திரம் 1956-ஆம் ஆண்டு செப்டம்பரில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ரமாக் என்று அதை அழைத்தார்கள். அதன் தட்டுப் பெட்டிக்குள் 24 அங்குல அகலமுள்ள 50 தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. பெட்டியின் எடை ஒரு டன்னுக்கு மேல். இத்தனை பெரிய பெட்டியில் எவ்வளவு எழுதலாம் தெரியுமா? 50 இலட்சம் எழுத்துகள்! இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அந்தப் பெட்டியை நிரப்பிவிடும்.

தட்டில் எழுதுவது என்றால் மையால் எழுதுவது அன்று. தட்டின்மேல் காந்தத் தன்மை ஏற்கும் மெல்லிய பூச்சு உண்டு. எழுதும் தலை என்ற சிறு கருவி தட்டைத் தொடாமல் அதன்மேல் மிதந்தபடி, பூச்சின் நுண்ணிய புள்ளிகளை ஒரு திசையிலோ மறு திசையிலோ காந்தமாக்கிச் செல்லும். அந்தப் புள்ளிகளின் வரிசைதான் எழுத்து, படம், பாட்டு எல்லாம். மின்சாரம் நின்றாலும் காந்தம் நிற்கும். மீட்புக் கலைக்கு அடிப்படையே இதுதான்.

1973-ஆம் ஆண்டில் அதே நிறுவனம் வின்செஸ்டர் என்ற செல்லப் பெயருடைய தட்டை வெளியிட்டது. தட்டுகளையும் தலைகளையும் ஒரே உறைக்குள் சேர்த்து மூடிய அமைப்பு அது. தூசி நுழையாததால் தலை தட்டுக்கு மிக அருகில் பறக்க முடிந்தது. இன்றைய வன்தட்டுகளும் அந்த வழியில் வந்தவையே. தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆதலால் வன்தட்டைத் திறந்து பார்ப்பது பெருந்தவறு. நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி, ஓடும் தலைக்கு முன்னே ஒரு பாறையாகி நிற்கும்.

இனி, அழிப்பது என்றால் என்ன என்று பார்ப்போம். தோட்டத்து லயங்களை நினைத்துக் கொள்ளுங்கள். எந்த வீட்டில் எந்தக் குடும்பம் இருக்கிறது என்று ஆபீசில் கிராணியார் ஒரு புத்தகம் வைத்திருக்கிறார். ஒரு குடும்பத்தின் பெயரை அந்தப் புத்தகத்தில் கோடிட்டு அடித்துவிட்டு, வீடு காலி என்று எழுதுகிறார். எழுதிய அந்த நொடியிலேயே வீட்டிலுள்ள சட்டியும் பானையும் பெட்டியும் படுக்கையும் மறைந்துவிடுமா? மறையா. எல்லாம் வைத்த இடத்தில்தான் இருக்கும். ஆனால் காலி என்று எழுதியதை நம்பி இன்னொரு குடும்பம் குடியேறிவிட்டால், பழைய பொருள்கள் வெளியே எறியப்படும். அதன்பின் யார் வந்து கேட்டாலும் கிடையா.

கணினியும் இப்படித்தான் செய்கிறது. கோப்பை அழி என்று நாம் சொன்னால், அது பெயர்ப்பட்டியலில் ஒரு குறி போட்டு, அந்த இடத்தைக் காலி என்று எழுதிக் கொள்ளும். தட்டிலுள்ள காந்தப் புள்ளிகளைத் தொடுவதில்லை. அடுத்து நாம் ஏதேனும் எழுதும்போது, காலி என்று குறித்த இடத்தில் புதியது குடியேறும். அழித்த நேரத்துக்கும் குடியேறும் நேரத்துக்கும் இடையிலுள்ள பொழுதுதான் மீட்கும் பொழுது.

1980-களின் தொடக்கத்தில் சிறு கணினிகள் அலுவலகங்களுக்கு வந்தன. 1983-இல் ஐ.பி.எம். விற்ற எக்ஸ்.டி. கணினியில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அக்காலத்து டாஸ் முறையில் ஒரு கோப்பை அழித்தால், பட்டியலில் அதன் பெயரின் முதலெழுத்து மாற்றப்படும், அது இருந்த இடங்கள் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். இந்த உட்பொருளைப் பயன்படுத்திக் கொண்டவர் பீட்டர் நார்ட்டன் என்ற அமெரிக்கர். தாமே ஒரு முறை தவறுதலாக ஒரு கோப்பை அழித்துவிட்டு, அதைத் திரும்பப் பெற ஒரு நிரல் எழுதினார். 1982-இல் அது போன்ற பல கருவிகளைத் தொகுத்து விற்பனைக்குக் கொண்டு வந்தார். அடிபட்ட பெயரின் முதலெழுத்தைத் திரும்ப எழுதி, பழைய இடங்களைத் தேடிச் சேர்த்துவிட்டால் கோப்பு எழுந்து வரும். தம் தவற்றைத் திருத்தப் போனவர் உலகத்தார் எல்லாருடைய தவற்றையும் திருத்த வழி செய்தார்.

நேயர்களே, அழிக்கும் கட்டளையால் போனதை மீட்டது ஒரு வகை. நெருப்பில் விழுந்ததை மீட்டது இன்னொரு வகை. அதற்கு ஈடு இணையில்லாத சான்று ஒன்று உண்டு.

2003-ஆம் ஆண்டு ஜனவரி 16-ஆம் நாள் கொலம்பியா விண்கலம் 7 பேருடன் புறப்பட்டது. அவர்களுள் ஒருவர், இந்தியாவின் ஹரியானாவில் கர்னால் நகரில் பிறந்த கல்பனா சாவ்லா. புறப்பட்ட வேளையில் கழன்று விழுந்த நுரைத்துண்டு ஒன்று இடப்பக்க இறக்கையைத் தாக்கியிருந்தது. பிப்ரவரி 1-ஆம் நாள் பூமிக்குத் திரும்பும்போது, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில், டெக்சஸ் மாநிலத்தின் வானில் கலம் சிதறிப் போயிற்று. எழுவரும் உயிரிழந்தனர்.

அந்தக் கலத்தில் செனான் என்ற வாயுவைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக் கருவி இருந்தது. தக்காளி சாஸ் புட்டியைக் குலுக்கினால் கெட்டியாக இருந்த சாஸ் இளகி ஓடுகிறதல்லவா? அதுபோல, ஒரு குறிப்பிட்ட வெப்ப நிலையில் செனானும் கலக்கினால் இளகுமா என்பதே ஆராய்ச்சி. புவியில் வாயுவின் எடையே அதை அமுக்கிக் குழப்பிவிடுவதால் விண்ணுக்குச் சென்று செய்தார்கள். அளவைகளில் ஒரு பகுதி வானொலி வழியே பூமிக்கு அனுப்பப்பட்டிருந்தது. மற்றவை கருவியோடு இருந்த ஒரு வன்தட்டில் மட்டுமே எழுதப்பட்டிருந்தன.

சிதறிய துண்டுகளைத் தேடியவர்களுக்குச் சில மாதங்கள் கழித்து, வறண்ட ஏரிப் படுகையில் அந்த வன்தட்டு கிடைத்தது. பார்த்தவர்கள் அதை வன்தட்டு என்றே நம்பமாட்டார்கள். உறை கருகியிருந்தது. மின்பகுதிகள் வெந்து போயிருந்தன. தூசி புகாமல் காக்கும் அடைப்பு உருகி, உள்ளே மண் புகுந்திருந்தது. மின்னசோட்டா மாநிலத்திலுள்ள குரோல் ஆன்ட்ராக் என்ற மீட்பு நிறுவனத்தில் ஜான் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரிடம் அது ஒப்படைக்கப்பட்டது.

அவர் தட்டுகளைக் கழற்றி, இரசாயனக் கரைசலால் கழுவி, நல்ல நிலையிலுள்ள வேறொரு வன்தட்டின் உடலில் பொருத்தினார். தட்டில் இருந்தவற்றில் 99 விழுக்காடு திரும்பக் கிடைத்தது! இது எப்படி நடந்தது? வன்தட்டு பாதிதான் நிரம்பியிருந்தது. பழைய டாஸ் முறை, செய்திகளை அங்குமிங்கும் சிதறாமல் ஒரே பக்கமாக எழுதியிருந்தது. மண் உராய்ந்து கெடுத்த பகுதியில் நல்வாய்ப்பாக எழுத்து ஒன்றும் இல்லை. ஆராய்ச்சியின் முடிவு 2008-ஆம் ஆண்டில் அறிவியல் ஏட்டில் வெளிவந்தது. செனான் இளகத்தான் செய்கிறது என்று உலகம் அறிந்தது.

ஆனால் இந்த வெற்றியைக் கேட்டு யாரும் துணிச்சல் கொண்டுவிடக் கூடாது. அதே கலத்திலிருந்து கண்டெடுத்த வேறு இரண்டு வன்தட்டுகளிலிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை. எட்வர்ட்ஸ் செய்தது பயின்ற கையும், தூசியற்ற அறையும், உதிரிப் பாகங்களும் கொண்டு செய்த வேலை. அதை நம் வீட்டு மேசையில் செய்ய முடியாது.

இன்னொரு வரலாறும் கேளுங்கள். 1998-ஆம் ஆண்டில் பிக்சார் என்ற படநிறுவனத்தார் டாய் ஸ்டோரி படத்தின் இரண்டாம் பாகத்தைக் கணினியில் தயாரித்துக் கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தவறான இடத்தில் இட்டுவிட்டார். பணியாளர்கள் திரையைப் பார்த்துக் கொண்டிருக்கும்போதே கதைத் தலைவனின் தொப்பி மறைந்தது. பின்பு காலணி மறைந்தது. பின்பு ஆளே மறைந்தான். இயந்திரத்தின் மின் இணைப்பைப் பிடுங்குங்கள் என்று தொலைபேசியில் கத்தினார்கள். அதற்குள் படத்தின் 90 விழுக்காடு போய்விட்டது.

காப்புநகல் எடுக்கும் நாடா இருக்கிறதே என்று அதைப் போட்டுப் பார்த்தார்கள். அது சில வாரங்களாகவே சரியாகப் பதியவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரும் அதைத் திறந்து சோதித்ததில்லை! கடைசியில் கைகொடுத்தவர் கேலின் சஸ்மன் என்ற பெண்மணி. குழந்தை பெற்றிருந்ததால் வீட்டிலிருந்தே வேலை செய்து வந்தார். அதற்காகப் படத்தின் நகல் ஒன்று அவர் வீட்டுக் கணினியில் இருந்தது. காரில் சென்று, அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றிக் கைக்குழந்தையைப்போல் பத்திரமாகக் கொண்டு வந்தார்கள். 1999-இல் படம் வெளிவந்தது. வேறோர் இடத்தில் இருந்த ஒரு நகல், பெரிய நிறுவனத்தின் நாடாவைவிட மேலாயிற்று.

அழித்தது அழிவதில்லை என்பதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. சிம்சன் கார்ஃபிங்கல், அபி ஷெலாட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-க்கும் 2002-க்கும் இடையில் 158 பழைய வன்தட்டுகளை விலைக்கு வாங்கிப் பார்த்தார்கள். வேலை செய்த 129-இல், முறையாகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவர்களின் கடன் அட்டை எண்களும் சொந்தக் கடிதங்களும் பலவற்றில் கிடந்தன. பழைய கணினியை விற்பவர்கள் இதை மறக்கலாகாது. நமக்கு வேண்டியதை நாம் மீட்கக்கூடிய அதே வழியில், வேண்டாதவர்களும் மீட்கக்கூடும்.

இக்காலத்தில் மற்றொரு மாற்றமும் வந்துள்ளது. பல கணினிகளிலும் எல்லாக் கைப்பேசிகளிலும் சுழலும் தட்டு இல்லை, சில்லுகளில்தான் எழுதுகிறார்கள். இவற்றுள் பெரும்பாலானவற்றில், அழித்த இடம் எது என்பதைக் கணினியே சில்லுக்குச் சொல்லிவிடும். சில்லு சும்மா இருக்கும் நேரத்தில் அந்த இடத்தைத் துடைத்துத் தயாராக வைத்துக் கொள்ளும். நம் உவமையில் சொன்னால், பெயரை அடித்த கையோடு ஆளனுப்பி வீட்டையும் கழுவி விடுகிறார்கள். ஆதலால் பழைய வன்தட்டை மீட்ட கதையைக் கேட்டு, கைப்பேசியில் போனதும் திரும்பி வரும் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த வரலாற்றிலிருந்து நாம் கற்க வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்வோம்.

முதலாவது, தவறுதலாக அழிந்தது என்று தெரிந்த உடனே கையை எடுத்துவிட வேண்டும். புதிதாக ஒரு படம் எடுக்கவும் வேண்டாம், ஒரு பாட்டு இறக்கவும் வேண்டாம். முதலில் குப்பைத் தொட்டி என்னும் பகுதியைத் திறந்து பாருங்கள். பல கைப்பேசிகளில் அழித்த படம் சுமார் 30 நாள் அங்கே தங்கியிருக்கும். அடுத்து, அந்தப் படத்தை முன்பு எந்த உறவினருக்கு அனுப்பினோம் என்று நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது, அங்கெல்லாம் கிடைக்காவிட்டால் கணினியை நிறுத்திவிடுங்கள். மீட்கும் நிரலை, கோப்பு தொலைந்த அதே வன்தட்டில் ஏற்றக் கூடாது. வன்தட்டை வேறொரு கணினியில் இணைத்து, அதன் முழு நகலை முதலில் எடுத்து, அந்த நகலில்தான் தேட வேண்டும். கிடைத்தவற்றையும் வேறு தட்டில்தான் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, வன்தட்டு டக் டக் என்று ஒலித்தாலும், கீழே விழுந்திருந்தாலும், வெள்ளத்தில் நனைந்திருந்தாலும் மின்சாரம் கொடுக்கவே கூடாது. வெயிலில் காயவைப்பதும், குளிர்பெட்டியில் வைப்பதும், திருகாணியைக் கழற்றுவதும் உள்ளதையும் கெடுக்கும். அத்தொழில் அறிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள். செலவு எவ்வளவு என்று முதலில் கேட்டுக் கொள்ளுங்கள். அந்தச் செலவுக்குத் தகுந்த பொருளா என்று குடும்பத்தோடு எண்ணிப் பாருங்கள்.

நான்காவது, எல்லாவற்றினும் முக்கியமானது, தொலைவதற்கு முன் நகல் எடுப்பது. மூன்று பிரதிகள் வேண்டும். இரு வேறு வகைப் பொருளில் இருக்க வேண்டும். ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும். பீட்டர் குரோக் என்ற ஒளிப்படக் கலைஞர் பரப்பிய விதி இது. அந்த நகல்களை அவ்வப்போது திறந்து பார்க்கவும் வேண்டும். திறந்து பார்க்காத நகலை நம்பியவர்களின் கதையைத்தான் சற்றுமுன் கேட்டீர்களே.

இனி அந்தப் பெரியவரிடம் திரும்புவோம். அன்று எங்களுக்கு இவையெல்லாம் தெரியாது. அழிந்த பிறகும் பல நாள் அதே கணினியில் தேர்வுத்தாள்கள் அடித்துக் கொண்டிருந்தோம். உதவ வந்த ஓர் இளைஞர் நல்லெண்ணத்தோடு, மீட்கும் நிரல்கள் இரண்டை அதே வன்தட்டில் ஏற்றினார். கிடைத்த படங்களையும் அதிலேயே சேர்த்தார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக் கொண்டிருந்தவர்கள் நாங்கள்.

பல பக்கங்கள் முழுதாக வந்தன. சில வரவேயில்லை. பெரியவர் சேர்ந்த ஆண்டின் பக்கம் பாதி வந்தது. மேற்பாதியில் பிள்ளைகளின் பெயரும் தகப்பன் பெயரும் பிறந்த தேதியும் பளிச்சென்று தெரிந்தன. கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறம். அங்கே புதிய எழுத்து குடியேறிவிட்டது. அவர் பெயர் மேற்பாதியில் இல்லை.

பெரியவர் திரைக்கு அருகில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். மேலே இருந்த பெயர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். ஒவ்வொரு பெயருக்கும், இவன் என்னோடு மங்கு கழுவினவன், இவள் தங்கச்சிக்குத் தோழி என்று சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு, "எம்பேரும் கொஞ்சம் மேல இருந்திருக்கக் கூடாதா, வாத்தியாரே" என்றார். நாங்கள் என்ன சொல்ல முடியும்? அவருக்கு எழுதிக் கொடுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

இப்போது எங்கள் பள்ளியில் மிஞ்சிய பக்கங்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒன்று பள்ளிக் கணினியில், ஒன்று அலமாரியிலுள்ள தனி வன்தட்டில், மற்றொன்று வேறு ஊரில் வசிக்கும் ஆசிரியர் ஒருவர் வீட்டில். ஒவ்வொரு தவணை முடிவிலும் மூன்றையும் திறந்து பார்க்கிறோம். அந்தப் பாதிப் பக்கமும் அவற்றுள் இருக்கிறது.

நேயர்களே, இன்றிரவு வீட்டிலுள்ள பிறப்புப் பத்திரம், திருமணச் சான்று, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, வயதானவர்களின் பழைய படம் ஆகியவற்றை வெளியே எடுங்கள். கைப்பேசி பழகிய பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றையும் படமெடுக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் ஒன்று இருக்கட்டும். சிறு தட்டு ஒன்றில் ஏற்றி அதை வீட்டுப் பெட்டியில் வையுங்கள். இன்னொன்றை வேறு ஊரில் நீங்கள் முழுதும் நம்பும் அண்ணனிடமோ அக்காளிடமோ கொடுத்து வையுங்கள். மூலப் பத்திரத்தை ஈரம் படாத உறையில் போட்டு மேலே வையுங்கள். அரைமணி நேர வேலைதான்.